கேபினுக்குப் பின்னால் மடிந்திருக்கும் கிரேன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கிரேன் வைத்த டைகாஸ்ட், அதாவது உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்த, லாரி மாடல்களைப் பற்றி நிறைய கடிதங்கள் சேர்ந்துவிட்டன, அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். கார் மாடல் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த இதழில் உங்கள் முறை.

ஜெர்மனியில் இருக்கும் என் மருமகன் 1:50 அளவில் (நிஜ லாரியின் 50-ல் ஒரு பங்கு) ஒரு கிரேன் லாரி வாங்கி வந்தார். பெட்டியில் 14 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறது. நான்கு வயதுப் பேரன் அதைக் கேட்டு அழுகிறான். கொடுக்கலாமா?
– வாசகி, ஈரோடு

வேண்டாம் அம்மா. 14 வயது என்று போட்டிருப்பது ‘சின்னப் பிள்ளைக்குப் புரியாது’ என்ற அர்த்தத்தில் இல்லை. அது பொம்மையாகத் தயாரிக்கப்படவில்லை, பொம்மைக்கு உண்டான பாதுகாப்புச் சோதனைகளுக்கு உட்படுத்தப்படவில்லை என்று அர்த்தம். பக்கவாட்டுக் கண்ணாடி, கொக்கி, லாரி கவிழாமல் ஊன்றும் தாங்குகாலின் தட்டு என்று கழன்று வரக்கூடிய சின்னச் சின்ன உருப்படிகள் அதில் நிறைய இருக்கும், நான்கு வயதில் எல்லாம் வாய்க்குத்தான் போகும். நம் நாட்டிலும் 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், சேகரிப்பாளர் மாடல்கள் அந்தக் கணக்கில் வராதவை.

பேரனுக்கு ஜெர்மனியின் சிகு கம்பெனி வண்டி ஒன்று வாங்கிக் கொடுங்கள். லூடன்ஷைட் ஊரில் 1921-ல் தொடங்கிய சீப்பர் குடும்பத் தொழில் அது, 1963 முதல் உலோக வண்டிகள் செய்கிறார்கள், பெரும்பாலானவை மூன்று வயதுப் பிள்ளைகளுக்கே ஆனவை. கிரேன் கை தடிமனாக இருக்கும், விழுந்தாலும் தாங்கும். முத்திரையை மட்டும் பார்த்து வாங்குங்கள். மருமகன் கொண்டுவந்ததை அலமாரியில் பூட்டி வைத்துவிடவும் வேண்டாம். நீங்கள் பிடித்துக்கொண்டு, அவன் ஒரு விரலால் கிரேனை மெல்ல மேலே தூக்கட்டும், உங்கள் மடியில் உட்கார்ந்தபடி. அது அவனுக்கு நெடுநாள் ஞாபகம் இருக்கும்.

என்னிடம் இரண்டு லாரிகள், இரண்டிலும் 1:50 என்றே எழுதியிருக்கிறது. ஆனால் ஒன்று மற்றதைவிடச் சின்னது. எது சரியான அளவு?
– வாசகர், கோயம்புத்தூர்

நீளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், லாரிகள் பல நீளங்களில் வரும். அகலத்தை அளந்து பாருங்கள். ஐரோப்பாவில் சாதாரண சரக்கு லாரியின் அகலம் கண்ணாடிகள் நீங்கலாக 2.55 மீட்டரைத் தாண்டக் கூடாது, பெரிய லாரிகள் எல்லாம் ஏறக்குறைய அந்த வரம்பிலேயே கட்டப்படுகின்றன. 1:50-ல் அது 51 மி.மீ. உங்கள் சின்ன லாரி 46, 47 மி.மீ. காட்டினால் அது 1:55 பக்கம். அதே அகலம் 1:87-ல் 29 மி.மீ.தான் வரும். டயரையும் அளக்கலாம், 22.5 அங்குல ரிம் போட்ட பெரிய லாரி டயர் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், 1:50-ல் 21 மி.மீ. சுமாருக்கு வர வேண்டும்.

‘ஏன் 1:50, கார்களுக்கு இருப்பதுபோல் 1:43 ஏன் இல்லை?’ என்று இன்னொரு வாசகரும் கேட்டிருந்தார், அவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1:43 ரயிலோடு வந்த அளவு. இங்கிலாந்தின் லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பியின் மெக்கானோ கம்பெனி, பொம்மை ரயிலுக்குப் பக்கத்தில் வைக்கவென்று 1930-களின் தொடக்கத்தில் சின்ன வண்டிகளை விட்டது, அதுதான் டிங்கி என்ற பொம்மை வண்டி வரிசை ஆனது. 1:50 கட்டுமான இயந்திரங்களோடு வந்தது. நியூரம்பர்க்கில் 1968-ல் தொடங்கிய என்இசட்ஜி, அதன் பக்கத்திலேயே கால்க்ராய்த் ஊரின் கான்ராட் போன்றவர்கள் நிஜ இயந்திரக் கம்பெனிகளுக்காகவே மாடல் செய்தார்கள், அந்தக் கம்பெனிகள் அவற்றைத் தங்கள் வாடிக்கையாளருக்குக் கொடுத்தன. பெரிய கிரேனும் மேசையில் நிற்க வேண்டும், அதே நேரம் பிஸ்டனும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றால் இந்த அளவு தோதாக இருந்தது.

தாத்தா 1960-களில் வாங்கிய டிங்கி கிரேன் லாரி வீட்டில் கிடைத்தது. அடியில் கோல்ஸ், 972 என்று இருக்கிறது. ஆரஞ்சு வண்டி, மஞ்சள் கிரேன். ஓரமெல்லாம் பெயின்ட் உரிந்து உலோகம் தெரிகிறது. இதற்கு ‘துத்தநாக நோய்’ வந்துவிட்டது, சீக்கிரம் உடையும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?
– வாசகர், மயிலாப்பூர்

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் நோய் மாதிரி இல்லை. ஓரத்தில் மட்டும் பெயின்ட் போயிருந்தால் அது உங்கள் அப்பாவும் சித்தப்பாவும் தரையில் ஓட்டி விளையாடிய அடையாளம்.

துத்தநாக நோய் என்பது உள்ளேயிருந்து வருவது. டைகாஸ்ட் வண்டிகளின் உலோகம் துத்தநாகமும் சுமார் 4 சதவீத அலுமினியமும் கொஞ்சம் மக்னீசியமும் செம்பும் சேர்ந்த கலவை, ஜாமக் என்பார்கள், 1929-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனி உருவாக்கியது. சுமார் 380 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு பாய்ச்சினால் கதவுக் கைப்பிடி வரைக்கும் அச்சு அசலாக விழும். ஆனால் அதில் ஈயம் கலந்துவிடக் கூடாது. இன்றைய தரத்தில் ஈயம் 0.005 சதவீதத்துக்கு மேல் இருக்க விடமாட்டார்கள், அவ்வளவு கறார். அந்தக் காலத்தில் பட்டறையில் கிடந்த ஈயத் துண்டோ பழைய கழிவோ உருக்கு கொப்பரையில் விழுந்துவிட்டால், பல வருஷம் கழித்து ஈரமும் வெப்பமும் சேர்ந்து உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிக்கத் தொடங்கும். வண்டி வீங்கும், வளையும், வலை போட்டது மாதிரி மெல்லிய வெடிப்புகள் பெயின்ட்டுக்கு அடியிலிருந்து எழும்பும், கடைசியில் ரஸ்க் போல நொறுங்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கிகளில் இது ரொம்பச் சகஜம். உங்கள் 972 அறிமுகமானது 1955-ல், அந்தக் காலத்து டிங்கிகளில் இது அபூர்வம். புதிய மாடல்களிலும் எப்போதாவது இந்த நோய் தலைகாட்டியிருக்கிறது என்பதால் வாங்கும்போது கவனம் தேவைதான். ஆனால் ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்குத் தொற்றாது, வந்தால் குணப்படுத்தவும் முடியாது.

உங்கள் வண்டியை ஒரு நேரான பலகையில் வைத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் சமமாக நின்று, கிரேன் தடையில்லாமல் சுழன்றால் நிம்மதியாக இருங்கள். தயவுசெய்து புதுப் பெயின்ட் அடிக்காதீர்கள். கிரேனின் கயிறு இற்றுப்போயிருந்தால் அதை மட்டும் அதே தடிமன் பருத்தி நூலால் மாற்றுங்கள். இன்னொன்று, அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருந்திருக்கலாம், வீட்டுக் குழந்தைகள் கைக்கு அது வேண்டாம்.

அப்புறம், உங்களிடம் இருப்பது நாம் இந்த இதழில் பேசும் வகைக் கிரேன் இல்லை. கோல்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் கிரேன் கயிற்றில் தூக்குவது: நீண்ட கம்பிக்கூட்டுக் கை, கைப்பிடி சுற்றினால் கயிறு ஏறும் இறங்கும், லாரியே கிரேனுக்காகத்தான் இருக்கிறது. சரக்கு லாரியில் கேபினுக்குப் பின்னால் மடிந்திருக்கும் கிரேன் வேறு. லாரிக்காரர் தன் சரக்கைத் தானே ஏற்றி இறக்குவதற்கானது, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும், முழங்கை மாதிரி ஒரு மடிப்பு உண்டு. ஸ்வீடனின் ஹூடிக்ஸ்வால் ஊரில் பனிச்சறுக்குக் கட்டை தயாரித்துக்கொண்டிருந்த எரிக் சுண்டின், லாரியின் சொந்த இன்ஜின் சக்தியிலேயே ஒரு ஹைட்ராலிக் கிரேனை ஓட்டலாம் என்று யோசித்து 1944-ல் ஹியாப் கம்பெனியைத் தொடங்கினார். ஆஸ்திரியாவின் பால்ஃபிங்கர் 1959-ல் தன் முதல் ஹைட்ராலிக் ஏற்றுக் கிரேனைச் செய்தது, இத்தாலியின் ஃபாஸி 1960-களில் வந்தது. இன்று கடைகளில் பார்க்கும் 1:50 கிரேன் லாரிகள் பலவற்றில் இந்த மூன்று பெயர்களில் ஒன்று எழுதியிருக்கும்.

கிரேனைத் தூக்கி வைத்தால் ஒரு மணி நேரத்தில் தானாகவே தொங்கிவிடுகிறது. பிஸ்டனில் எண்ணெய் தீர்ந்துவிட்டதா? எங்கே ரிப்பேர் செய்வது?
– வாசகர், மதுரை

அதில் எண்ணெயே கிடையாது சார். குழாய்க்குள் ஒரு கம்பி போய் வருகிறது, அவ்வளவுதான். கிரேனைப் பிடித்து நிறுத்துவது மூட்டுகளில் இருக்கும் உராய்வு மட்டுமே, அது தேய்ந்தால் தொங்கும்.

மூட்டில் திருகு இருந்தால் வேலை சுலபம். சரியான முனையுள்ள சின்ன ஸ்க்ரூடிரைவரால் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கி, ஆட்டிப் பார்த்து, மறுபடி கொஞ்சம் இறுக்குங்கள். ஒரே மூச்சில் இறுக்கினால் துத்தநாகத்தில் மரை போய்விடும், போனால் போனதுதான். ரிவெட் அடித்த மூட்டு என்றால் சுத்தியலைக் கையில் எடுக்கவே வேண்டாம். பிளம்பர்கள் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பில் ஒரு மெல்லிய கீற்று வெட்டி, ஊசி முனையால் இரண்டு தகடுகளுக்கு நடுவே தள்ளிவிடுங்கள், பெரும்பாலும் இதுவே போதும். இல்லையென்றால் பிஸ்டன் கம்பியில் நிறமில்லாத நகப்பூச்சை மிக மெல்லிசாக ஒரு தடவு தடவி, முழுக்கக் காயும் வரை, அதாவது மறுநாள் வரை, கம்பியைக் குழாய்க்கு வெளியிலேயே வைத்துவிட்டு அப்புறம் உள்ளே செலுத்துங்கள். ஈரத்தோடு உள்ளே போனால் ஒட்டிக்கொண்டு நிற்கும், பிறகு அதை அசைத்தால் கம்பிதான் வளையும்.

தையல் மெஷின் எண்ணெய் விடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். தொங்கும் மூட்டுக்கு எண்ணெய் விட்டால் இன்னும் தொங்கும். கிரேனைத் தூக்கும்போது கையின் நுனியைப் பிடித்து இழுக்காதீர்கள். மூட்டுக்குப் பக்கத்தில் பிடித்து, முதலில் தூணுக்கு (கிரேன் சுழலும் நிமிர்ந்த தண்டு) அருகில் உள்ள கை, பிறகு முழங்கைக்கு அப்பால் உள்ள கை, கடைசியாக உள்ளிருந்து நீளும் துண்டுகள் என்ற வரிசையில் விரியுங்கள். நிஜ ஆபரேட்டரும் ஏறக்குறைய அப்படித்தான் விரிப்பார். மடிக்கும்போது தலைகீழ் வரிசை.

நான் இயற்பியல் ஆசிரியை. என் தம்பியிடம் 1:50 கிரேன் லாரி இருக்கிறது. அதை வகுப்புக்குக் கொண்டுபோய் எதையாவது உருப்படியாகச் சொல்லிக்கொடுக்க முடியுமா, இல்லை வெறும் காட்சிப் பொருளாகத்தான் இருக்குமா?
– வாசகி, திருநெல்வேலி

வந்த கடிதங்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது உங்களுடையது டீச்சர். தாராளமாக முடியும், அதற்கு உங்களுக்குத் தேவை சில பத்து ரூபாய் நாணயங்கள்.

ஏற்றுக் கிரேனின் வலிமையை ‘இத்தனை டன் தூக்கும்’ என்று மட்டும் சொல்வதில்லை, டன்-மீட்டரில் சொல்வார்கள். 10 டன்-மீட்டர் கிரேன் என்றால் தூணிலிருந்து 2 மீட்டரில் 5 டன், 5 மீட்டரில் 2 டன், 10 மீட்டரில் 1 டன். கையின் சொந்த எடையையும் கழிக்க வேண்டும் என்பதால் நிஜத்தில் தூரம் போகப் போக இதைவிடக் குறையும், ஆனால் பாடத்துக்கு இந்தக் கணக்கு போதும். இப்போது 1:50-க்கு வாருங்கள். நீளம் 50-ல் ஒரு பங்கு. எடையோ 50-ஐ மூன்று முறை பெருக்கினால் வருகிற 1,25,000-ல் ஒரு பங்கு, ஏனென்றால் நீளம் அகலம் உயரம் மூன்றும் சுருங்குகிறது. அப்படியானால் 1 டன் சரக்கு மாடல் உலகத்தில் 8 கிராம். நம் பத்து ரூபாய் இரட்டை உலோக நாணயம் 7.71 கிராம்! அதாவது ஒரு நாணயம் சுமார் 960 கிலோ சரக்கு.

ஒரு அடி ஸ்கேலை நடுப்புள்ளியில் ஏதாவது முனையில் சமமாக நிறுத்துங்கள், நடுவில் இருப்பது கிரேனின் தூண் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மறுபக்கத்தில் ஏதாவது ஒரு நிலையான எடை. நடுவிலிருந்து 4 செ.மீ.யில் ஐந்து நாணயங்கள் வைத்துச் சமன் செய்யுங்கள். பிறகு அவற்றை எடுத்துவிட்டு 10 செ.மீ.யில் இரண்டே இரண்டு வையுங்கள். சமன் மாறாது. 20 செ.மீ.யில் ஒன்று போதும், ஆனால் அதற்கு அடி ஸ்கேல் போதாது, மீட்டர் ஸ்கேல் வேண்டும். பிறகு மாடலைக் காட்டி, கை நீளும்போது கொக்கியில் எத்தனை நாணயம் மாட்டலாம் என்று கேளுங்கள், பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள். நிஜமாகவே கொக்கியில் மாட்டிப் பார்ப்பதென்றால் ஒரு நாணயத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், உங்கள் தம்பி நம்மை மன்னிக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மாடலில் நேர்மையாகக் காட்ட முடியாது: கவிழ்வதை. 25 டன் லாரி 1:50-ல் 200 கிராம்தான் இருக்க வேண்டும். டைகாஸ்ட் மாடல் அதைவிட நல்ல கனமாக இருக்கும், ஏனென்றால் நிஜத்தில் 6 மி.மீ. தகடு மாடலில் 0.12 மி.மீ. ஆக வேண்டும், அவ்வளவு மெல்லிசாக வார்க்க முடியாது, ஆகவே எல்லாச் சுவரும் அளவுக்கு மீறித் தடிமன். அதனால் மாடல் கவிழாமல் அடித்துவைத்த மாதிரி நிற்கும். நிஜ லாரி அப்படி நிற்காது, அதற்காகத்தான் இரண்டு பக்கமும் தாங்குகால்களை வெளியே இழுத்து ஊன்றுகிறார்கள். ஒரு கால் முழுதாக வெளியே வராத பக்கத்துக்குச் சரக்கைச் சுழற்றினால் என்ன ஆகும் என்று கேளுங்கள், கவிழும் புள்ளி தூணில் இல்லை, அந்தக் காலடியில்தான் இருக்கிறது என்பது அங்கே புரியும்.

ஹைட்ராலிக் பாடத்துக்கு மாடல் உதவாது. அதற்கு ஊசி இல்லாத சிரிஞ்சுகள் இரண்டு, நடுவில் மெல்லிய குழாய், உள்ளே தண்ணீர், ஐஸ்கிரீம் குச்சியில் ஒரு கிரேன் கை. முதலில் காற்றை மட்டும் வைத்து அழுத்தச் சொல்லுங்கள், கை துவண்டு துவண்டு ஆடும். பிறகு தண்ணீர் நிரப்பினால் சொன்ன இடத்தில் நிற்கும். சிரிஞ்சு அளவை மாற்றினால் பாஸ்கல் விதியும் வந்துவிடும்.

லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறேன். நம்ம ஊர் லாரியில் கிரேன் வைத்த மாதிரி ஒரு மாடல் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. நானே செய்ய முடியுமா?
– வாசகர், நாமக்கல்

முடியும் தம்பி, இதை உங்களைவிட நன்றாகச் செய்யக்கூடிய ஆள் குறைவு.

கிடைக்காததற்குக் காரணம் இருக்கிறது. டைகாஸ்ட்டுக்கு எஃகு அச்சு வெட்ட வேண்டும், அது பெரும் செலவு, ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி விற்றால்தான் கட்டும். ஐரோப்பாவில் லாரி கம்பெனியும் கிரேன் கம்பெனியும் போக்குவரத்து முதலாளிகளும் தங்கள் பெயர் போட்டு மொத்தமாக ஆர்டர் கொடுக்கிறார்கள், நெதர்லாந்தின் டபிள்யூஎஸ்ஐ, டெக்னோ போன்ற மாடல் கம்பெனிகளின் பட்டியலைப் பார்த்தால் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு டிரான்ஸ்போர்ட்டின் நிறமும் பெயரும்தான். நம் பக்கமோ பல காலமாக சேஸியை மட்டும் ஓட்டி வந்து கேபினையே பட்டறையில் கட்டியிருக்கிறோம். எண்ணூரிலிருந்து வரும் லேலண்ட் சேஸி ஒன்றாக இருந்தாலும் நாமக்கல்லில் கட்டியதும் வேறு ஊரில் கட்டியதும் ஒன்றாக இருக்காது. இந்த வித்தியாசத்தை ஒரே அச்சில் பிடிக்க முடியாது, கையால்தான் செய்ய வேண்டும். கல்கத்தாவில் 1960-களின் கடைசியிலிருந்து டிங்கியின் பழைய அச்சுகளை வாங்கி நிக்கி என்ற பெயரில் வார்த்தார்கள், ஆனால் அவையும் அங்கிருந்து வந்த வண்டிகளின் வடிவம்தானே தவிர நம் ரோட்டு லாரி இல்லை.

நீங்கள் லாரியில் ஆரம்பிக்காதீர்கள், கிரேனில் ஆரம்பியுங்கள். லாரியின் உடம்பில் ஒரு மி.மீ. தப்பினால் யாருக்கும் தெரியாது, கிரேனில் தப்பினால் மடியாது. பட்டறைக்கு வரும் கிரேன் வண்டி ஒன்றை, முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, இன்ஜின் நிறுத்தி கிரேன் மடிந்திருக்கும்போது அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தகட்டின் வெளி அளவைவிட முக்கியம் ஒரு மூட்டுப் பின்னிலிருந்து (மூட்டைக் கோக்கும் ஆணி) அடுத்த மூட்டுப் பின் வரை உள்ள தூரம்: தூணின் மேல் பின்னிலிருந்து முழங்கைப் பின் வரை, பிஸ்டன் அடிப் பின்னிலிருந்து தலைப் பின் வரை, பிஸ்டன் சுருங்கியபோது எவ்வளவு, முழுக்க நீண்டபோது எவ்வளவு. எல்லாவற்றையும் 50-ஆல் வகுத்து அட்டையில் வெட்டுங்கள், பின் இருக்கும் இடங்களில் குண்டூசி குத்துங்கள், மேசையில் வைத்து மடித்துப் பாருங்கள். கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் அந்த அட்டைக் கிரேன் முழுதாக அடங்கினால் உங்கள் அளவு சரி. அடங்காவிட்டால் பித்தளையைத் தொடாதீர்கள், மறுபடி வண்டிக்குப் போய் அளந்து வாருங்கள்.

கிரேன் கைக்குச் சதுரப் பித்தளைக் குழாய்கள், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் அளவுகளில். பிஸ்டனுக்கு மெல்லிய உலோகப் பேனா ரீஃபில் குழாயும் உள்ளே போகும் எஃகுக் கம்பியும். மூட்டுக்கு 1 மி.மீ. பித்தளைக் கம்பி. ஈயப் பற்று வைக்கும்போது பக்கத்து மூட்டு இளகாமலிருக்க ஈரத் துணி சுற்றிக்கொள்ளுங்கள். லாரிப் பெட்டியை மட்டும் பிளாஸ்டிக்கில் செய்யாதீர்கள், நம் லாரிப் பெட்டிக்கு மரம்தான் மரியாதை. மெல்லிய மரப் பட்டையை உப்புத்தாளில் தேய்த்து, பலகை பலகையாக ஒட்டி, கொக்கியும் சங்கிலியும் வைத்து, பட்டறையில் பெயின்டர் அண்ணனிடமே பூவும் பெயரும் எழுதச் சொல்லுங்கள், அவருடைய மிக மெல்லிய பிரஷில். முடிந்ததும் படம் அனுப்புங்கள், முழுப் பக்கத்தில் போடுகிறேன், இது என் வாக்கு.

கடலோர ஊரில் இருக்கிறேன். மாடல்களை எப்படிப் பத்திரப்படுத்துவது? பீரோவில் துணிகளோடு வைத்திருக்கிறேன்.
– வாசகர், தூத்துக்குடி

முதலில் அந்த பீரோவிலிருந்து வெளியே எடுங்கள், குறிப்பாக அதில் அந்துருண்டை இருந்தால். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும், ஜன்னல் கண்ணாடியும் கிரேனின் ஹோஸ்களும்தான் முதலில் போகும். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, நேர் வெயில் படாத சுவர், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், அவற்றை அவ்வப்போது காய வைத்து மாற்றுவது. இது போதும்.

உப்புக் காற்றில் பெயின்ட் இல்லாத துத்தநாகத்தில் வெள்ளைப் பொடி பூக்கும், எஃகுப் பின்கள் துருப்பிடிக்கும். கிரேன் லாரியில் பெயின்ட் இல்லாத இடங்கள் பிஸ்டன் கம்பியும் மூட்டுப் பின்களும்தான், ஆகவே அங்கேதான் பார்க்க வேண்டும். தூசிக்கு மேக்கப் பிரஷ். அழுக்கு அதிகமென்றால் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, உடனே காயத் துடைத்துவிட வேண்டும். தின்னர், ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் ஆகாது, கதவில் அச்சிட்ட எழுத்து அழிந்துவிடும்.

பெட்டியில் இருக்கும் பஞ்சு போன்ற ஃபோமை எடுத்துவிட்டு வெள்ளை டிஷ்யூ தாள் சுற்றுங்கள், நம் வெப்பத்தில் அந்த ஃபோம் சில வருஷத்தில் பிசுபிசுத்து பெயின்ட்டில் ஒட்டிக்கொள்கிறது. மென்மையான டயர்களிலிருந்தும் எண்ணெய்ப்பசை மாதிரி ஒன்று கசிந்து, கீழே இருக்கும் பிளாஸ்டிக் தட்டை அரிக்கும். சக்கர அச்சுக்கு அடியில் ஒரு சின்ன மரக்கட்டை கொடுத்து டயர் லேசாகத் தரையைத் தொடும்படி வைத்தால் டயரும் தட்டையாகாது.

வெளிநாட்டுக் கடையிலிருந்து தபாலில் வரவழைத்தால் சுங்கம் எவ்வளவு?
– வாசகர், ஓசூர்

அளவுமாடல்களும் பொம்மைகளும் சுங்கப் பட்டியலில் ஒரே தலைப்பில் வருகின்றன. அந்தத் தலைப்புக்கு அடிப்படைத் தீர்வை 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் ஏற்றப்பட்டது, அதற்கு மேல் மற்ற வரிகளும், கூரியர் என்றால் அவர்கள் கட்டணமும். சொந்த உபயோகத்துக்குத் தபாலில் வரும் ஒன்றிரண்டுக்கு விகிதம் வேறாக இருக்கலாம், ஆர்டர் போடும் நாளில் நடப்பு விகிதத்தைப் பார்த்துவிடுங்கள். என் அபிப்பிராயத்தில், அங்கிருந்து வரும் உறவினரிடம் ஒன்றே ஒன்று நல்லதாகக் கேட்டு வாங்குவது மேல், சுங்கச் சலுகை வரம்பை அவரையே விசாரிக்கச் சொல்லுங்கள்.

பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தால்தான் மதிப்பு என்கிறார்களே?
– வாசகர், சேலம்

விற்பதற்காக வாங்கினால் பிரிக்காதீர்கள். வைத்துக்கொள்ள வாங்கினால் அன்றைக்கே பிரியுங்கள். கார் மாடலை மூடி வைத்தாலும் அழகு குறையாது, ஆனால் கிரேன் லாரியின் வேலை முழுக்க அந்த மடிப்பில்தான் இருக்கிறது. யாரோ ஒரு வடிவமைப்பாளர் பத்துப் பதினைந்து சின்ன மூட்டுகளை நிஜ இயந்திரம் அசைகிற மாதிரியே அசைய வைத்திருக்கிறார், அதை ஒரு தடவைகூட விரித்துப் பார்க்காமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிரித்த பெட்டியையும் உள்தாள்களையும் கிழிக்காமல் வையுங்கள், மதிப்பில் பெரும்பங்கு அதிலேயே தங்கிவிடும்.

பிரிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு, குறை இருந்தால் திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் தெரிந்துவிடும். தாங்குகால் இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே வருகிறதா, தூண் தடையில்லாமல் சுழல்கிறதா என்று அன்றே பார்த்துவிடலாம்.

பழைய கிரேன் லாரி ஒன்றை இணையத்தில் படம் பார்த்து வாங்கப் போகிறேன். விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்?
– வாசகர், திருச்சி

இரண்டு படம் கேளுங்கள். ஒன்று, கிரேன் முழுக்க மடிந்து கேபினுக்குப் பின்னால் அடங்கியிருப்பது, பக்கவாட்டில் எடுத்தது. கை கேபினுக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றால் ஏதோ ஒரு மூட்டு வளைந்திருக்கிறது அல்லது யாரோ வேறு மாடலின் கையை மாட்டியிருக்கிறார்கள். இரண்டாவது, கை தரைக்கு இணையாக முழுநீளம் நீட்டியிருப்பது, அடியில் முட்டு எதுவும் கொடுக்காமல், யாரும் பிடித்துக்கொள்ளாமல். மூட்டில் உயிர் இருந்தால் அது நிற்கும். பெரும்பாலான விற்பனைப் படங்களில் கிரேன் பாதி தூக்கிய நிலையிலேயே இருக்கும், அந்த நிலையில் எந்தக் குறையும் தெரியாது. இந்த இரண்டு படமும் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். தந்துவிட்டால் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள், முதலில் தொலைவது அதுதான், ஆனால் கொக்கி இல்லை என்பதற்காக நல்ல வண்டியை விட்டுவிடாதீர்கள், விலையைக் குறைத்துக் கேளுங்கள், கொக்கியைப் பித்தளைக் கம்பியில் நீங்களே வளைத்துக்கொள்ளலாம்.